ஒரேயொரு படம்

எங்கள் குடும்பத்தில் எல்லாரும் ஒன்றாக நிற்கிற படம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அதை எடுத்தவன் நான். கெடுத்தவனும் நான்தான்.

ஒன்றுதான் என்றால் வேற்றூர்க்காரருக்கு நம்பக் கஷ்டமாக இருக்கும். தீவுப்பகுதிச் சனத்துக்கு விளங்கும். எங்கள் ஊர் வேலணை. 1990 ஆவணியில் படையினர் தீவில் வந்து இறங்கியபோது உடுத்த உடுப்போடு அராலிப் பக்கம் கடல் கடந்தவர்கள் நாங்கள். அம்மா சீலைத் தலைப்பில் சுற்றிக் கொண்டுவந்தது காணி உறுதிகளை மட்டும்தான். அல்பம் அலுமாரிக்குள் இருந்தது. அப்பாவும் அம்மாவும் ஸ்ரூடியோவில் எடுத்த கலியாணப் படம், அக்காவின் சாமத்தியவீட்டுப் படம், ஒரே சீத்தைத் துணியில் தைத்த சட்டையோடு அண்ணாவும் நானும் நின்ற படம், எல்லாம் அதில் இருந்தன. கனகாலத்துக்குப் பிறகு திரும்பிப் போனபோது அலுமாரியும் இல்லை, அலுமாரி நின்ற அறைக்குக் கூரையும் இல்லை. யாழ்ப்பாணத்தில் இருந்த ஐந்து வருசத்தில் சேர்ந்த இரண்டொரு படங்கள் 1995 ஐப்பசி இடப்பெயர்வோடு போயின. அப்பா வன்னியில் காலமானார். அவருடைய முகம் எங்களிடம் மிஞ்சியிருப்பது அடையாள அட்டையில், பெருவிரல் நகத்தளவில்.

அதனால்தானோ என்னவோ, கையில் நாலு காசு புழங்கத் தொடங்கியதும் நான் முதலில் வாங்கியது ஒரு நல்ல கமெரா. கலியாணவீடு, சாமத்தியவீடு, கோயில் திருவிழா எதுவென்றாலும் குடும்பத்தில் படக்காரன் நான். 'தம்பி வரட்டும், நில்லுங்கோ' என்று ஆட்கள் காத்து நிற்பார்கள். அது எனக்கு ஒரு பெருமை.

2016-இல் அண்ணா ரொறன்ரோவிலிருந்து குடும்பத்தோடு வந்தார். போய் இருபத்திரண்டு வருசத்துக்குப் பிறகு முதல் வரவு. நயினாதீவு நாகபூசணி அம்மனுக்கு அம்மா வைத்த நேர்த்தி ஒன்று இருந்தது, பிள்ளைகள் மூவரையும் ஒன்றாகக் கூட்டிக்கொண்டு தேருக்கு வருவேன் என்று. ஆனித் திருவிழா. குறிகட்டுவான் துறையில் வெயிலுக்குள் வரிசை நீண்டு கிடந்தது. அடுத்த படகில் வாருங்கள் என்று எங்களைப் பிரிக்கப் பார்த்த படகுக்காரப் பெடியனிடம் அம்மா, 'ஒண்டாத்தான் போவம், தம்பி. பிரிஞ்சு போனது காணும்' என்றா. அவன் ஒன்றும் பேசாமல் கயிற்றைப் பிடித்து இழுத்துப் படகை அணைத்துத் தந்தான். கால் மணித்தியாலக் கடல்தான். அந்தக் கால் மணித்தியாலமும் அம்மா ஒரு கையால் அண்ணாவையும் மறுகையால் அக்காவையும் பிடித்தபடி இருந்தா. என்னைப் பிடிக்க அவவுக்கு மூன்றாவது கை இல்லை. நான் எதிரே நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தேன்.

தேர் முடிந்து மறுநாள், வேலணை வீட்டு முற்றத்தில், வேம்புக்குக் கீழே எல்லாரும் கூடியிருந்தோம். பன்னிரண்டு பேர். வீடு அக்காவின் சீதன வீடு. இடிந்து கிடந்ததை மீள்குடியேற்றத்துக்குப் பிறகு திருத்தி அம்மாவையும் தன்னோடு வைத்திருந்தா. குடும்பப் படம் எடுக்க இதைவிட நல்ல நாள் வராது என்று எனக்குத் தெரியும். அந்த ஒரு நாளுக்காக எத்தனையோ வருசம் காத்திருந்தவன் நான். சும்மா வரிசையில் நிற்க வைத்து எடுத்திருக்கலாம். ஆனால் எனக்கு ஒரு யோசனை இருந்தது.

முந்தின வருச மார்கழியில், அமெரிக்காவின் லூசியானா மாநிலத்துக் குடும்பமொன்றின் நத்தார் படம் உலகம் முழுக்கச் சுற்றி வந்தது. தாயும் இரண்டு பெண்பிள்ளைகளும் இருக்கிறார்கள். மூவருக்கும் வாயில் பச்சை டேப் ஒட்டியிருக்கிறது. கைகளை நத்தார் விளக்கு வயரால் கட்டியிருக்கிறது. தகப்பன் கையில் 'பூமியில் சமாதானம்' என்று எழுதின பலகை. மகன் பெருவிரலை உயர்த்திக் காட்டுகிறான். படத்தை எடுத்தவரும் ஒரு பெண். இது என்ன கேவலம் என்று ஆயிரக்கணக்கான பேர் கொதித்தார்கள். ஒரு பகிடியைக்கூட விளங்கிக்கொள்ளத் தெரியாதா என்று இன்னும் ஆயிரக்கணக்கானோர் கேட்டார்கள். வன்முறையை ஆதரிப்பது தன் எண்ணமில்லை என்று படமெடுத்தவர் விளக்கம் சொன்னார். நான் இரண்டாவது கூட்டம். கந்தோரில் நாலு பேருக்கு அந்தப் படத்தைக் காட்டிச் சிரித்தேன். நாங்கள் 'சிரித்திரன்' சஞ்சிகையின் கேலிச்சித்திரங்களில் சவாரித்தம்பரையும் மிஸிஸ் டாமோடிரனையும் பார்த்துச் சிரித்து வளர்ந்த சனம். அது வந்த நாளில் முதலில் படிக்க வீட்டில் அடிபட்டவர்கள். பகிடி எங்கள் ரத்தத்தில் இருக்கிறது என்றுதான் என் நினைப்பு.

அண்ணாவின் கனடாப் பெட்டிகளை ஒட்டியிருந்த அகலமான பிரவுண் டேப்பில் ஒரு முழு உருளை விறாந்தையில் கிடந்தது. அதை எடுத்து ஒவ்வொரு துண்டாக வெட்டினேன். பெட்டி மட்டையொன்றைக் கிழித்து மார்க்கரால் எழுதினேன்: 'இப்பதான் சமாதானம்.'

எங்களூரில் அது சும்மா ஒரு சொல் அல்ல. 2002-இல் சண்டை நின்றதிலிருந்து மூன்று நாலு வருசத்தைச் சனம் இன்றைக்கும் 'சமாதான காலம்' என்றுதான் சொல்லும். அந்தச் சொல்லைக் கேட்டால் அம்மாவின் முகம் மாறும். அந்தச் சொல்லைப் போட்டால் பகிடி இன்னும் தூக்கலாக இருக்கும் என்று நினைத்தேன்.

பெண்கள் ஏழு பேர். அம்மா, அக்கா, அண்ணி, என் மனைவி, அக்காவின் மகள், அண்ணாவின் மகள், ஒன்பது வயதான என் மகள். அவர்களை முன்வரிசையில் வாங்கில் இருத்தினேன். ஆண்கள் பின்னால் நின்று பெருவிரலை உயர்த்த வேண்டும். வீட்டு மருமகன் என்ற மரியாதைக்கு அட்டையை அத்தானின் கையில் கொடுத்தேன்.

என் மகள் மட்டும் எழும்பி வந்து என் சேட்டைப் பிடித்து இழுத்தாள். 'அப்பா, நான் ஆம்பிளையள் பக்கம் நிக்கட்டா?'

எல்லாரும் சிரித்தோம். நான் அவளைத் தூக்கிக்கொண்டு போய் அக்காவுக்குப் பக்கத்தில் இருத்தி டேப்பை ஒட்டினேன். கமெராவில் பத்து விநாடி நேரம் வைத்துவிட்டு ஓடிப்போய்ப் பின்வரிசையில் நின்றேன். பெருவிரலை உயர்த்தினேன்.

படம் எடுத்து முடிந்ததும் அக்கா முதலில் அம்மாவின் டேப்பைக் கழற்றினா. ஒரு நுனியை நகத்தால் கிளப்பி, மற்றக் கையால் கன்னத்தை அழுத்திப் பிடித்து, தோல் இழுபடாமல் மெல்ல மெல்ல. பிறகு என் மகளுடையதை. தன்னுடையதை ஒரே இழுப்பில் இழுத்தா. மேலுதட்டில் சிவப்பாக ஒரு கோடு விழுந்தது. மூன்று துண்டையும் ஒன்றாகச் சுருட்டிக்கொண்டு குசினிக்குள் போனா.

பின்னேரம் தேத்தண்ணிக் கோப்பையைத் தரும்போது சொன்னா: 'தம்பி, உந்தப் படம் எனக்குப் பிடிக்கேல்லை. அழிச்சுவிடு. வேணுமெண்டால் இன்னொருக்கா எல்லாரும் நிப்பம், வடிவா ஒண்டு எடு.'

எவ்வளவு சின்னக் கோரிக்கை என்று இப்போது நினைக்கிறேன். ஆட்கள் எல்லாரும் அங்கேயே இருந்தார்கள். வெளிச்சமும் இருந்தது. பத்து விநாடி வேலை.

நான் சொன்ன பதில் எனக்கு ஒரு சொல்லும் பிசகாமல் ஞாபகம் இருக்கிறது. 'அக்கா, இது பகிடி அக்கா. அம்மாவே சிரிச்சவ. ஏழு பேரிலை உங்களுக்கு மட்டும் ஏன் குத்துது? எல்லாத்தையும் இப்பிடித் தூக்கிப் பிடிச்சால் பிறகு குடும்பத்துக்குள்ளை ஒரு சிரிப்பும் சிரிக்கேலாது.'

அத்தான் கதிரையிலிருந்து சிரித்தார். 'டேப்பைக் கழட்டினது பிழையாப் போச்சு' என்றார். அண்ணாவும் சிரித்தார். நானும் சிரித்தேன். அக்கா கோப்பைகளைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போனா. அன்றிரவே படத்தைக் குடும்ப வைபர் குழுவில் போட்டேன், பேஸ்புக்கிலும் போட்டேன். ஒஸ்லோவிலிருந்தும் பாரிஸிலிருந்தும் ஒன்றுவிட்ட சகோதரங்கள் சிரிப்புப் பொம்மைகளாகப் போட்டுத் தள்ளினார்கள். இரண்டு நாளில் அக்கா குழுவிலிருந்து விலகினா. 'கோவம்' என்றேன் மனைவியிடம். 'வரும்' என்றேன்.

அக்கா சண்டை பிடிக்கவில்லை. என்னோடு கதைக்காமலும் விடவில்லை. போனால் புட்டு அவிப்பா, ஒடியல் கூழ் காய்ச்சினால் போத்தலில் ஊற்றி பஸ்ஸில் கொடுத்துவிடுவா. ஒன்று மட்டும் மாறிப்போனது. கமெராவைக் கையில் எடுத்தால் அக்கா அந்த இடத்தில் இருக்கமாட்டா. 'நீங்கள் எடுங்கோ, அடுப்பிலை வைச்சது கிடக்கு' என்பா. 2019-இல் என் மகளின் சாமத்தியவீடு. மாமி முறைக்கு அக்கா செய்ய வேண்டியதெல்லாம் ஒரு குறையில்லாமல் செய்தா. தண்ணீர் வார்த்தது, சீலை உடுத்தியது, ஆலாத்தி எடுத்தது எல்லாம் அவதான். கூலிக்குப் பிடித்த படப்பிடிப்பாளர் பெரிய அல்பம் அடித்துத் தந்தார். பக்கம் பக்கமாகப் புரட்டினால் அக்காவின் கை இருக்கிறது, ஆலாத்தித் தட்டைச் சுற்றும் கை. ஒரு படத்தில் முதுகு. ஒரு படத்தில் கொண்டைப்பூ. முகம் இல்லை.

பிடிவாதம் என்று நினைத்தேன். மூன்று வருசமாக ஒரு பகிடியை நெஞ்சில் வைத்துக்கொண்டிருப்பது என்ன குணம் என்று அண்ணாவிடம் தொலைபேசியில் குறையும் சொன்னேன். என் கணக்கு நேரானது: ஏழு பேரில் ஆறு பேருக்கு நோகாதது ஏழாவது ஆளுக்கு நொந்தால், பிழை படத்திலா ஆளிலா?

2022 புரட்டாதியில் மதுரைப் பக்கம் உசிலம்பட்டியில் ஒரு கலியாணச் செய்தி வந்தது. சனி, ஞாயிறில் கிரிக்கெட் விளையாட மாப்பிள்ளையை அனுப்புவேன் என்று முத்திரைத்தாளில் எழுதி, மாப்பிள்ளையின் கூட்டாளிகள் மணமகளிடம் மேடையிலேயே கையெழுத்து வாங்கினார்கள். அதே வருசம் பாலக்காட்டிலும் அப்படியொன்று. ராத்திரி ஒன்பது மணி வரை கூட்டாளிகளோடு இருக்கும் புருசனைத் தொந்தரவு செய்யமாட்டேன் என்று மணமகள் முத்திரைத்தாளில் ஒப்பமிட்டாள். இரண்டு செய்தியையும் நான் குழுவில் பகிர்ந்து, 'எங்கடை அட்டையைவிட இது திறம்' என்று எழுதினேன். அதைப் படிக்க அக்கா அங்கே இல்லாதது நல்லது. முத்திரைத்தாள் என்ற சொல்லே எனக்குள் எதையாவது தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை.

2023 மாசியில் அம்மா போய்ச் சேர்ந்தா. எண்பத்தேழு வயது. நித்திரையில் போன உயிர்.

எங்கள் பக்கத்து வழக்கப்படி முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக் கல்வெட்டு அடிக்க வேண்டும். தேவாரம் திருவாசகம், அம்மாவின் வாழ்க்கைக் குறிப்பு, முன்பக்கத்தில் அம்மாவின் படம், உள்ளே ஒரு பக்கத்தில் குடும்பப் படம். குடும்பப் படம் வேண்டும் என்று அண்ணா ரொறன்ரோவிலிருந்து இரண்டுதரம் சொன்னார். நான் யாழ்ப்பாணத்தில் ஓர் அச்சகத்துக்குப் போனேன். கணினிக்கு முன்னால் இருபத்திரண்டு, இருபத்திமூன்று வயதுப் பெடியன். அந்தப் படத்தைக் கொடுத்து, 'தம்பி, அட்டையை எடுத்துவிடும். டேப்பையும் எடுத்துவிடும்' என்றேன், ஏதோ மருவை எடுக்கச் சொல்வதுபோல.

அவன் அட்டையை ஐந்து நிமிசத்தில் எடுத்தான். அத்தானின் கைகளுக்கிடையில் வேட்டியின் வெள்ளையை இழுத்து நிரப்பினான். பிறகு அம்மாவுக்கு வந்தான். படத்தைப் பெரிதாக்கினான். அம்மாவின் முகம் திரை முழுக்க வந்து நின்றது.

'அண்ணை, டேப்பை எடுக்கலாம். ஆனா கீழை ஒண்டும் இல்லை. வாயை நான்தான் வைக்கோணும். வேறை படத்திலை இருந்து எடுத்து ஒட்டுறன். எந்த வாயைப் போடுறது? சிரிக்கிற வாயோ, சும்மா மூடின வாயோ?'

'சிரிக்கிற வாய்' என்றேன் உடனே. 'அவ சிரிச்சுக்கொண்டுதான் இருந்தவ.'

அவன் ஒன்றும் சொல்லாமல் திரையைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். பயந்து பயந்துதான் சொன்னான். 'கண்ணைப் பார்த்தால் சிரிக்கிற மாதிரித் தெரியேல்லையே, அண்ணை.'

நான் குனிந்து பார்த்தேன்.

ஏழு வருசமாக அந்தப் படம் என் தொலைபேசியில் இருந்தது. விரல் நுனியளவு முகங்களாக எத்தனை தரம் பார்த்திருப்பேன். இப்போதுதான் அம்மாவைப் பார்க்கிறேன். டேப் கொஞ்சம் சரிந்து ஒட்டியிருக்கிறது. அதை ஒட்டியது என் கை. ஓரத்தில் என் பெருவிரல் அழுத்திய இடம்கூடத் தெரிகிறது. அம்மா கமெராவைப் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்த அக்காவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறா. சின்னப் பிள்ளையொன்று புது இடத்தில் தாயின் முகத்தைப் பார்க்குமே, இதற்குச் சிரிக்க வேணுமா அழ வேணுமா என்று தெரியாமல், அப்படியொரு பார்வை. பெடியன் படத்தைக் கீழே இறக்கினான். அம்மாவின் கை அக்காவின் மணிக்கட்டைப் பிடித்திருக்கிறது. நரம்பு புடைத்த பிடி.

அம்மாவே சிரிச்சவ என்று நான் சொன்னேனே, அந்தச் சிரிப்பை எங்கே பார்த்தேன்? யோசித்து யோசித்துப் பார்த்தேன். அந்த முற்றத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டது உண்மை. அண்ணாவின் சத்தம். அத்தானின் சத்தம். என் சத்தம். பெண்பிள்ளைகளின் வாயை நான் ஒட்டி வைத்திருந்தேன். ஒட்டின வாய்க்குக் கீழே என்ன இருந்தது என்று பாராமலே அது சிரிப்பு என்று நானே எழுதிக்கொண்டேன். அக்காவிடம் அதையே சாட்சியாகவும் காட்டினேன்.

'மற்ற அம்மாவுக்கு?' என்றான் பெடியன், அக்காவைக் காட்டி. 'அவவின்ர வேறை படம் இருக்கோ?'

தொலைபேசியில் தேடினேன். ஏழு வருசப் படங்கள். கை, முதுகு, கொண்டைப்பூ, கதவுக்குப் பின்னால் மறையும் சீலைக்கரை. என் கூடப் பிறந்தவவின் வாய் அந்தத் தொலைபேசியில் ஒன்றுகூட இல்லை.

அவன் இதற்கிடையில் அக்காவுக்குப் பின்னால் நின்ற அத்தானைச் சரிபார்த்துக்கொண்டிருந்தான். அட்டை போன இடத்தில் அவருடைய இரண்டு கைகளும் ஒன்றையும் பிடிக்காமல் பிடித்தபடி நின்றன. அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு நொத்தாரிசின் மேசை ஞாபகம் வந்தது.

அந்தப் படம் எடுப்பதற்கு ஐந்து மாதத்துக்கு முதல், 2016 தையில், அக்கா என்னைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு ஒரு நொத்தாரிசிடம் போனா. வேலணையில் அவவின் சீதனக் காணியில் நாலு பரப்பை விற்க வேண்டும். மகளுக்குக் கொழும்பில் காசு கட்டிப் படிக்கிற படிப்பு ஒன்று கிடைத்திருந்தது. அத்தானுக்கு அதில் விருப்பமில்லை. பொம்பிளைப் பிள்ளைக்கு இவ்வளவு செலவழிக்கிறதோ என்றார். அக்கா உறுதியைக் கொண்டுவந்தா. 1990-இல் அம்மாவின் சீலைத் தலைப்பில் கடல் கடந்த அதே உறுதி. நொத்தாரிசு அதை விரித்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்: 'இவவின்ர அவர் வரேல்லையோ?'

யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையை ஒல்லாந்தர் 1707-இல் எழுத்தில் ஏற்றினார்கள். பிறகு 1911-இல் ஒரு கட்டளைச் சட்டம் வந்தது. அதன்படி சீதனக் காணி பெண்ணுடையதுதான். ஆனால் கலியாணம் கட்டின பெண் அதை விற்கவோ ஈடு வைக்கவோ கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். கணவன் தன் முதுசக் காணியை விற்பதற்கு மனைவியிடம் ஒன்றும் கேட்கத் தேவையில்லை. கணவன் நியாயமில்லாமல் சம்மதம் மறுக்கிறான் என்றால் அவள் நீதிமன்றத்துக்குப் போகலாம். நொத்தாரிசு இதையெல்லாம் பொறுமையாக விளங்கப்படுத்தினார். எனக்கு விளங்கப்படுத்தினார். காணிக்காரி எனக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தா.

அக்கா ஒரே ஒரு கேள்வி கேட்டா. 'அப்ப நான் என்னத்துக்கு வந்தனான்?'

அதற்கு அவரும் பதில் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. திரும்பி வரும்போது பண்ணைப் பாலத்தில் பஸ் போய்க்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் கடல். அக்கா யன்னலோரம் இருந்து தண்ணீரைப் பார்த்தபடி வேலணை வரைக்கும் வாய் திறக்கவில்லை. கோட்டுக்குப் போகும் குணம் அவவுக்கு இல்லை. அத்தானிடம் நான் கதைத்திருக்கலாம். மச்சானும் மச்சானும் கதைக்கிற கதைதானே. 'புருசன் பெண்சாதிக்குள்ளை நான் ஏன்' என்று விட்டுவிட்டேன். பிள்ளை அந்தப் படிப்புக்குப் போகவில்லை.

ஐந்து மாதம் கழித்து அதே அக்காவை வாங்கில் இருத்தி, வாயில் டேப் ஒட்டி, அவவுக்கு நேர் பின்னால் அத்தானை நிறுத்தி, அவர் கையில் 'இப்பதான் சமாதானம்' என்று எழுதிக் கொடுத்தவன் நான். வரிசையில் மற்ற எவருக்கும் அந்த நொத்தாரிசு மேசைக் கதை தெரியாது. எனக்குத் தெரியும். அக்காவை விட்டால் எனக்கு மட்டும்தான் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அக்காவுக்கும் தெரியும்.

'அண்ணை, என்ன செய்ய?' என்றான் பெடியன்.

'விடும், தம்பி. பழையபடியே வையும். அதை அடிக்க வேண்டாம்.' பிறகு, ஏன் என்று தெரியவில்லை, 'திருத்தாத படத்திலை ஒரு பிரதி மட்டும் எடுத்துத் தாரும்' என்றேன்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவ அரிசி புடைத்துக்கொண்டிருந்தா. சுளகை நிறுத்தாமல் கேட்டா. முடிவில், 'எனக்கும்தான் பிடிக்கேல்லை' என்றா.

'அண்டைக்குச் சொல்லியிருக்கலாமே.'

'மச்சாள் சொன்னவதானே. நீங்கள் என்ன பதில் சொன்னனீங்கள் எண்டு கேட்டுக்கொண்டு நிண்டனான். பிறகு நான் ஏன் சொல்லுறன்?'

என் கணக்கில் ஆறு பேர் இருந்தார்கள். அம்மா போனா, மனைவி போனா. அண்ணியிடமும் மற்றப் பிள்ளைகளிடமும் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. மகளிடம் கேட்கத் தேவையில்லை. அவள் அன்றைக்கே என் சேட்டைப் பிடித்துக் கேட்டுவிட்டாள்.

அந்தியேட்டி கீரிமலையில் முடிந்து, வேலணை வீட்டில் மத்தியானப் பந்தியும் முடிந்து சனம் கலைந்த பிறகு அக்கா விறாந்தையில் வந்து இருந்தா. கல்வெட்டை மடியில் வைத்துப் புரட்டினா. கடைசிப் பக்கம் வரை போய்த் திரும்பி வந்தா.

'குடும்பப் படம் போடேல்லையோ?'

'படம் இல்லை, அக்கா.'

'அந்தப் படம் இருக்கே.'

நான் நிலத்தைப் பார்த்தேன். அன்றைய பின்னேரத்துக்குப் பிறகு, ஏழு வருசத்தில் அந்தப் படத்தைப் பற்றி அவ வாய் திறந்தது அதுதான் முதல் தரம். என் தோள்பையில் காகித உறைக்குள் அந்தப் பிரதி இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கனநேரம் பார்த்தா.

'அம்மாவுக்கு அண்டைக்குக் கை நடுங்கினது' என்றா. 'என்னத்துக்கு இதை ஒட்டுறான் எண்டு என்னைக் கேட்டவ. நீ ஒட்ட முதல். எனக்குச் சொல்லத் தெரியேல்லை. தம்பி படம் எடுக்கிறான், பேசாமல் இருங்கோ அம்மா எண்டு நான்தான் சொன்னனான்.'

'பிழை விட்டிட்டன், அக்கா. அந்தக் காணி அலுவலிலையும்.'

'ம்' என்றா.

அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் இயலாது. வேம்பிலிருந்து பூ உதிர்ந்து முற்றமெல்லாம் கிடந்தது. உள்ளே யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது.

'இது என்னட்டை இருக்கட்டும்' என்றா அக்கா. படத்தைக் கொஞ்சம் தூரத்தில் பிடித்தா. பிறகு தன் பெருவிரலை அத்தானின் கையிலிருந்த அட்டைக்கு மேலே வைத்து, எழுத்துத் தெரியாதபடி மூடிக்கொண்டு, அம்மாவைப் பார்த்தபடி இருந்தா.